சுவரில் இடம் கிடைக்காத சீனியர்கள்

இவ்வாண்டுத் தொடக்கத்தில் என் பல்கலைக்கழகத்தின் பொது வரவேற்பு நாளுக்காக ஒரு சிறிய வேலை என்னிடம் வந்தது. நான் படிக்கும் தொடர்புத் துறையில் படித்து, தொலைக்காட்சியிலும் மற்ற ஊடகங்களிலும் பெயர் பெற்ற 12 முன்னாள் மாணவர்களின் படங்களைச் சுவரில் மாட்ட வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு வரி. சேர வரும் மாணவர்கள், அவர்களைவிட முக்கியமாக அவர்களுடைய பெற்றோர், அதைப் பார்த்து “இங்கே படித்தால் நம் பிள்ளையும் இப்படி வரலாம்” என்று நினைக்க வேண்டும். அந்தச் சுவருக்கு வேறு வேலை எதுவும் இல்லை.

நான் மூன்று தமிழர்களின் பெயர்களைக் கொடுத்தேன். ஒருவர் தமிழ்த் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் தயாரிப்பாளர். இன்னொருவர் தமிழ் வானொலியில் பணியாற்றுபவர். மூன்றாமவர் தமிழ் நாடகங்களுக்குப் படத்தொகுப்பு செய்பவர். இறுதிப் பட்டியல் திரும்பி வந்தபோது மூன்று பெயர்களும் இல்லை. காரணம் கேட்டேன். “வருகையாளர்களுக்கு இவர்களைத் தெரியாது” என்றார்கள். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. நானும் வாதாடவில்லை. சரி என்று சொல்லிவிட்டு, மீதி ஒன்பது பேருடன் புதிதாகச் சேர்ந்த மூன்று பேருடைய படங்களையும் நானே நின்று மாட்டினேன்.

கோபத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “உனக்கு இதுக்கு முன்னாடி அவங்களைத் தெரியுமா?”

தெரியாது. பட்டியலுக்காகத் தேடியபோதுதான் அந்த மூன்று பெயர்களும் எனக்கே தெரியவந்தன. அதில் ஒருவர் தயாரித்த தொடரை நான் தொடக்கப்பள்ளியில் படித்தபோது பாட்டியுடன் உட்கார்ந்து ஒரு நாள்கூட விடாமல் பார்த்திருக்கிறேன். கடைசிக் காட்சி முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் பாட்டி தொலைவிசையைத் தேடுவார், நான் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவேன். பத்து ஆண்டுகளாக அந்தப் பெயர்கள் எங்கள் வரவேற்பறையில் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

அதனால் இந்தக் கட்டுரையில் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்தச் சுவரைப் பற்றி எனக்குச் சில கேள்விகள் உண்டு.

பல்கலைக்கழகங்கள் தங்கள் புகழ்பெற்ற முன்னாள் மாணவர்களைக் காட்டிக்கொள்வது உலக வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் அந்தப் படங்கள் எப்போதும் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டுமே சொல்கின்றன. இங்கே படித்தார், அங்கே சாதித்தார். நடுவில் என்ன நடந்தது என்பதற்கு இரண்டு வரியில் இடம் கிடையாது. எங்களைப் போன்றவர்களுக்குத் தேவையாக இருப்பது அந்த நடுப்பகுதிதான்.

மிண்டி கேலிங்கை எடுத்துக்கொள்வோம். ‘தி ஆஃபிஸ்’ தொடரில் எழுதி நடித்தவர், பிறகு ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரை உருவாக்கியவர்களில் ஒருவர். அவருடைய தந்தை தமிழர். குடும்பப் பெயர் சொக்கலிங்கம். மேடை அறிவிப்பாளர்களின் நாக்கு அந்தப் பெயரில் தடுக்கியதால்தான் அது கேலிங் ஆகச் சுருங்கியது. (என் பெயரையும் முதல் வாரத்தில் யாரும் சரியாகச் சொன்னதில்லை. ஆனால் நான் இன்னும் சுருக்கவில்லை.) அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் படித்து 2001ல் பட்டம் பெற்றார். இதைத்தான் சுவரில் எழுதுவார்கள்.

எழுதாமல் விடுவது இதை: அவர் மாணவர் நாளிதழில் கேலிச்சித்திரத் தொடர் வரைந்தார். நகைச்சுவை இதழில் எழுதினார். ஒத்திகை இல்லாமல் மேடையிலேயே உருவாக்கி நடிக்கும் மாணவர் குழுவில் இருந்தார். படித்து முடித்ததும் உடனே யாரும் அழைக்கவில்லை. டார்ட்மத் தோழி பிரெண்டா விதர்ஸுடன் சேர்ந்து ‘மேட் அண்ட் பென்’ என்ற நாடகத்தை எழுதி, நடிகர்கள் மேட் டேமன், பென் அஃப்லெக் ஆகிய இரு ஆண்களாகவும் தாங்களே நடித்து, 2002ல் நியூயார்க்கின் ஃபிரிஞ்ச் நாடக விழாவில் மேடையேற்றினார்கள். அந்த நாடகத்தின் வழியாகத்தான் ‘தி ஆஃபிஸ்’ வாய்ப்பு வந்தது. அப்போது அவருக்கு 24 வயது.

இப்படித்தான் பல கதைகள். தொலைக்காட்சி நிகழ்ச்சிப் படைப்பாளர் கோனன் ஓ’பிரையன் ஹார்வர்டில் படித்தவர் என்பார்கள். அங்கு அவர் ‘லம்பூன்’ என்ற மாணவர் நகைச்சுவை இதழுக்கு இருமுறை தலைவராக இருந்தார் என்பதுதான் அவர் பின்னர் ‘சிம்ப்சன்ஸ்’ தொடருக்கு எழுதப் போனதை விளக்குகிறது. நம் பக்கத்து சரவாக்கில் பிறந்த ஜேம்ஸ் வான், மெல்பர்னின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தில் லீ வானெல் என்ற சக மாணவரைச் சந்தித்தார். இருவரும் எழுதிய கதையை யாரும் நம்பி எடுக்க வேண்டுமே என்று, அதில் ஒரு காட்சியை மட்டும் குறும்படமாக எடுத்துக் காட்டினார்கள். அதுதான் 2004ல் வெளிவந்த ‘சா’ திரைப்படம் ஆனது. எனக்குப் பேய்ப்படம், திகில் படம் எதுவும் ஒத்துவராது. ஆனால் அந்தக் குறும்படம் எடுத்த துணிச்சல் பிடிக்கும்.

மேலே சொன்ன எல்லாரும் படிக்கும்போதே எதையோ செய்துகொண்டிருந்தார்கள். அதைச் செய்யக் கூட ஒருவர் கிடைத்தார். மதிப்பெண் இல்லாத இடத்தில், பார்க்கப் பத்துப் பேர் மட்டும் இருந்த இடத்தில், மோசமாகச் செய்து பார்க்க அவர்களுக்கு ஒரு மேடை இருந்தது.

சிங்கப்பூரிலேயே இதைவிடச் சுவையான ஒரு கதை இருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தொடர்புத் துறைக் கல்விக் கழகம் 1992ல் தொடங்கியது. 2006ல் அதற்கு முன்னாள் அதிபர் திரு வீ கிம் வீயின் பெயர் சூட்டப்பட்டது. இன்று ஊடகத்துறையில் நுழைய விரும்பும் பலருக்கும் அந்தப் பெயர் ஒரு கனவு. ஆனால் திரு வீ பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, 1930ல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழின் விநியோகப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கிருந்து செய்தியாளர் ஆனார். 1966ல், இந்தோனீசியாவுடன் மோதல் முடியாத நேரத்தில், ஜகார்த்தா சென்று சுகார்த்தோவைப் பேட்டி கண்டு வந்தார். பிறகு தூதர், ஒலிபரப்புக் கழகத் தலைவர், 1985 முதல் 1993 வரை நாட்டின் அதிபர். பட்டம் இல்லாதவர் பெயரில் பட்டம் வாங்குகிறார்கள் என்று கிண்டலடிக்க இதைச் சொல்லவில்லை. அவருக்குச் செய்தி அறையில் பக்கத்து மேசைக்காரர்கள் கற்றுக்கொடுத்தார்கள். இன்று செய்தி அறைகள் பட்டதாரிகளையே எடுக்கின்றன. அப்படியானால் அந்தப் பக்கத்து மேசை, பல்கலைக்கழகத்துக்குள் எங்காவது இருக்க வேண்டும் அல்லவா?

ஆங்கில ஊடகத்துக்கு அது ஓரளவு இருக்கிறது. மாணவர் இதழ் இருக்கிறது, படப்பிடிப்புக் கூடம் இருக்கிறது. அங்கேயே பணியாற்றிய விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். தமிழுக்கு?

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 18 வயதில், தொடக்கக் கல்லூரியில் மேல்நிலைத் தேர்வுடன் என் தமிழ்ப் படிப்பு முடிந்தது. நல்ல மதிப்பெண். உயர்நிலைப் பள்ளியில் உயர்தமிழும் எடுத்தவள். வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் பாராட்டியது இன்னும் நினைவிருக்கிறது. அதன் பிறகு பல்கலைக்கழகம். நேர்காணல் எடுப்பது எப்படி, மூன்று கேமராவை எங்கே நிறுத்துவது, அவதூறுச் சட்டம் என்ன சொல்கிறது, எல்லாம் கற்றேன். எல்லாமே ஆங்கிலத்தில். அதில் எனக்குக் குறை இல்லை, எல்லா இன மாணவர்களும் ஒன்றாகப் படிக்கும் வகுப்பு அப்படித்தான் இருக்க முடியும்.

சென்ற ஆண்டு ஒரு பயிற்சிக்காக ஐந்து நிமிட ஆவணப்படம் எடுக்க வேண்டியிருந்தது. எந்த மொழியிலும் எடுக்கலாம், ஆங்கிலத் துணைவரிகள் இருந்தால் போதும் என்றார் விரிவுரையாளர். நான் உற்சாகமாகத் தேக்காவில் பூ கட்டும் ஒரு பெரியவரைப் பேட்டி காணப் போனேன். கேள்விகளை முதல்நாள் இரவே ஆங்கிலத்தில் எழுதி, அழகாகத் தமிழில் மாற்றி மனப்பாடம் செய்திருந்தேன். கேமரா ஓடத் தொடங்கியதும் முதல் கேள்வி கேட்டேன்.

“ஐயா, உங்கள் பயணத்தைப் பற்றிக் கூறுங்கள்.”

அவர் மல்லிகைச் சரத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். “நான் எங்கேயும் போகலையேம்மா. ஊருக்குப் போயே நாலு வருசமாச்சு.”

கேமராவைப் பிடித்திருந்த என் தோழிக்குத் தமிழ் தெரியாது. நான் ஏன் சிரித்தேன் என்று அவளுக்குப் புரியவில்லை. சிரிப்பு அடங்கியபின் வெட்கம் வந்தது. அவர் சரியாகத்தான் பதில் சொன்னார். கேள்விதான் தமிழில் இல்லை. சொற்கள் தமிழ், கேள்வி ஆங்கிலம். அடுத்த கேள்வி “இத்தொழிலில் நீங்கள் எதிர்கொண்ட சவால்கள் யாவை?” அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. “பூ வாடிப்போனா என்ன செய்வீங்க தாத்தா?” என்று கேட்டேன். அதற்கு அவர் எட்டு நிமிடம் பேசினார். படத்தில் உருப்படியாக வந்த பகுதி அது மட்டும்தான்.

இந்த இடத்தில்தான் சுவரில் ஏறாத அந்தத் தயாரிப்பாளர் அக்காவைத் தேடிப் போனேன். பட்டியலுக்காக எடுத்த மின்னஞ்சல் முகவரி என்னிடம் இருந்தது. எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை கிம் மோ உணவங்காடி நிலையத்தில் சந்தித்தோம். “பெயரைப் போடாதே, சொன்னதைப் போடு” என்றார். அவர் படித்து முடித்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது.

படம் சுவரில் வராதது பற்றிச் சொன்னேன். தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே, “அதனாலென்ன மா” என்றார். அவர் பேச விரும்பியது வேறு விஷயம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எழுதிய முதல் காட்சி. புளோக்கில் மின்தூக்கி கெட்டுப்போய், மூச்சு வாங்க மேலே வரும் ஒரு பாட்டி பேசுவதாகக் காட்சி. இவர் எழுதிய வசனம்: “மின்தூக்கி பழுதடைந்தமையால் மிகுந்த இன்னலுக்கு உள்ளானேன்.” எழுத்துப்படியைப் படித்த மூத்த சக ஊழியர் ஒருவர், பட்டப்படிப்பெல்லாம் இல்லாத பழைய காலத்து ஆள், சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டு, “இது உங்க பாட்டியா, தமிழ் வாத்தியாரா?” என்று ஓரத்தில் எழுதினாராம். அந்தப் பக்கம் முழுக்க 41 சிவப்புக் குறிகள். “எண்ணிப் பார்த்து அழுதேன்” என்றார் அக்கா. கடைசியில் அந்த வசனம் “லிஃப்டு கெட்டுப்போச்சு. ஒம்பது மாடி. மூட்டு கழண்டு கையில வந்துடுச்சு” என்று மாறியது.

அதே ஊழியர் அடுத்த வாரம் அவரைச் செய்திப் பகுதிக்கு உதவ அனுப்பியபோது, அங்கே “லிஃப்டு” என்று எழுதி வைத்ததற்கு வேறொருவரிடம் திட்டு வாங்கினாராம். செய்தியில் அது மின்தூக்கிதான். இரண்டு தமிழும் வேண்டும், எது எங்கே என்பதும் தெரிய வேண்டும். பள்ளியில் நாம் படித்தது இரண்டில் ஒன்றைத்தான். மற்றதை வீட்டில் கேட்டிருக்க வேண்டும். இப்போது எத்தனை வீடுகளில் அது காதில் விழுகிறது? 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 3.3 விழுக்காடு. 2020ல் அது 2.5 விழுக்காடு.

துணைவரி எழுதுவது பற்றியும் அவர் சொன்னார். திரையில் இரண்டு வரி, ஒரு வரிக்கு ஏறத்தாழ 40 எழுத்து. அதற்குள் ஒரு தாய் மகனிடம் கேட்கும் “சாப்பிட்டியா?”வை என்னவென்று ஆங்கிலத்தில் எழுதுவது? சண்டை போட்டுவிட்டு மூன்று நாள் கழித்துப் பேசும் முதல் சொல் அது. அங்கே அவள் கேட்பது சாப்பாட்டைப் பற்றி இல்லை. அதை உணர்ந்தவர்தான் அந்த இடத்தில் சரியான இரண்டு ஆங்கிலச் சொற்களைப் போட முடியும். இருமொழிக் கல்வி என்று நாம் பெருமைப்படுவதற்கு இதைவிட நல்ல தேர்வு இருக்கிறதா? இந்தத் தேர்வுக்கு எந்த வகுப்பும் என்னைத் தயார் செய்யவில்லை.

“பல்கலைக்கழகம் உங்களோடு தொடர்பில் இருக்கிறதா?” என்று கேட்டேன். இருக்கிறதாம். ஆண்டுக்கு இருமுறை மின்னஞ்சல் வரும். ஒன்று முன்னாள் மாணவர் விருந்துக்கு. இன்னொன்று நன்கொடைக்கு. அந்த 41 குறிகள் உள்ள தாளைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் வருவீர்களா என்றேன். “அடுத்த வாரமே வரேன். ஆனா உரையாற்றச் சொல்லாதே. ‘என் வெற்றிப் பயணம்’னு தலைப்பு வச்சா வரமாட்டேன்.” பயணம் என்ற சொல் காதில் விழுந்ததும் பூக்காரப் பெரியவர் நினைவுக்கு வந்தார். கதையைச் சொன்னேன். அக்கா மேசையைத் தட்டிச் சிரித்தார்.

சம்பளம் பற்றிக் கேட்டேன், ஏனென்றால் வீட்டில் அப்பா முதலில் அதைத்தான் கேட்பார். அக்கா ஒளிக்காமல் சொன்னார். தொகையை இங்கே எழுதவில்லை. தொடர் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும்வரை ஒப்பந்த ஊழியர்களுக்கு வருமானம் இல்லாத மாதங்கள் உண்டு. தமிழ்ப் பிரிவுகளில் ஆள் குறைவு, அதனால் எழுதுபவரே நடிகர்களை அழைப்பார், சமூக மன்றத்தில் அறை பதிவு செய்வார், தண்ணீர்ப் பெட்டியும் தூக்குவார். “எல்லாம் சீக்கிரம் கத்துக்கலாம். முதுகுவலியும் சீக்கிரம் வரும்.” கூடப் படித்தவர்கள் வங்கிகளிலும் பெரிய நிறுவனங்களின் தொடர்புப் பிரிவுகளிலும் இருப்பதைச் சொன்னபோது அவர் குரலில் பொறாமை இல்லை, ஆனால் சின்ன மௌனம் இருந்தது.

இதைப் படிக்கும் சிலர் கேட்கக்கூடும்: இவ்வளவு சிறிய சமூகத்துக்கு இவ்வளவு சிரமம் எதற்கு? தமிழ்நாட்டிலிருந்து நாடகம், படம், பாட்டு எல்லாம் கைப்பேசியிலேயே கொட்டுகிறதே. என் நண்பர்களில் பாதிப் பேர் அப்படித்தான் கேட்கிறார்கள். நானும் சென்னைக்காரர்களின் நகைச்சுவைக் காணொளிகளைத்தான் இரவு முழுக்கப் பார்க்கிறேன், பொய் சொல்லவில்லை.

ஆனால் 2020 ஏப்ரலில் கிருமி முறியடிப்பு நடவடிக்கை தொடங்கியபோது, வெளியே போகலாமா கூடாதா, கோயில் திறக்குமா, மருந்து எப்படி வாங்குவது என்பதையெல்லாம் பாட்டி தெரிந்துகொண்டது நம் தமிழ்ச் செய்தியிலிருந்துதான். சென்னை ஒளிவழி எதுவும் அவருக்கு அதைச் சொல்லியிருக்காது. புக்கிட் பாஞ்சாங்கில் ஒன்பதாவது மாடிக்கு ஏறி வரும் பாட்டியின் கதையையும் அங்கே யாரும் எழுதப் போவதில்லை. நம் நாட்டில் 1963ல் தொலைக்காட்சி வந்தபோதே நான்கு மொழிகளில் தமிழும் இருந்தது. பல ஆண்டுகள் மற்ற நிகழ்ச்சிகளோடு நேரத்தைப் பகிர்ந்துகொண்டபின், 2008 அக்டோபரில் வசந்தம் தனி ஒளிவழியானது. எனக்கு அப்போது மிகச் சிறிய வயது. அது எப்போதும் இருந்ததாகவே நினைத்து வளர்ந்தேன். இருப்பதற்கு ஆள் வேண்டும் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

“இவர்களைத் தெரியாது” என்ற அந்தக் காரணத்துக்கே திரும்ப வருகிறேன். 2016ல் கே. ராஜகோபால் இயக்கிய ‘எ யெல்லோ பேர்ட்’ திரைப்படம் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் திரையிடப்பட்டது. சிங்கப்பூர்த் தமிழரைப் பற்றிய கதை, தமிழ் வசனம் உள்ள படம், நாயகனாக நடித்தவர் நம் சிவகுமார் பாலகிருஷ்ணன். என் பயிற்சி வகுப்பில் 20 பேர் இருக்கிறோம். ஒருவரும் பார்த்ததில்லை. இந்தக் கட்டுரை எழுதத் தொடங்கும்வரை நானும் பார்த்ததில்லை. தெரியாமல் இருப்பது அவர்களுடைய சாதனையின் அளவைக் காட்டவில்லை, நாம் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதைக் காட்டுகிறது. சுவரில் மாட்டினால்தானே வருகையாளர்களுக்குத் தெரியும்? தெரிந்தவர்களை மட்டும் மாட்டுவது என்றால் சுவர் எதற்கு?

இருந்தாலும் அந்த மூன்று படங்களையும் சுவரில் மாட்டுங்கள் என்று கேட்க இப்போது எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. மாட்டினால் மகிழ்ச்சி. அதைவிட அவர்கள் வகுப்பறைக்கு வர வேண்டும். பட்டு வேட்டியும் பொன்னாடையும் இல்லாமல், பழைய எழுத்துப்படிகளோடு. உட்கார்ந்து நாங்கள் எழுதியதைத் திருத்த வேண்டும். தேசிய பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை ஆண்டுதோறும் மேடையேற்றும் ‘சங்கே முழங்கு’ போன்ற மாணவர் நாடகங்கள்தாம் இப்போதைக்கு நமக்கு இருக்கும் பக்கத்து மேசை. அதில் எழுதியவர்கள், நடித்தவர்கள், விளக்கு பிடித்தவர்கள் சிலரை நான் அறிவேன். தமிழில் ஒரு காட்சியை எழுதி, அது மேடையில் விழுந்து நொறுங்குவதைப் பார்த்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. எனக்கு இல்லை. நான் மூன்றாண்டுகளாகத் தமிழ் மன்றத்தில் பதாகை வடிவமைத்துக்கொண்டிருந்தேன், படைப்புக் குழுவுக்கு நேரமில்லை என்று சொல்லி. மதிப்பெண் சராசரி குறைந்துவிடும் என்ற பயம். அதை யார் மீதும் போட முடியாது.

பல்கலைக்கழகங்களிடம் கேட்க ஒன்று உண்டு. இறுதியாண்டுப் படைப்பைத் தமிழிலோ மலாயிலோ சீனத்திலோ செய்யலாம் என்று அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது. அந்த மொழியில் அதைப் படித்து, ‘பயணம்’ என்ற சொல்லைச் சுழிக்க ஒருவர் வேண்டும். என் ஆவணப்படத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. திருத்தியவர் துணைவரிகளைத்தான் படித்தார். துணைவரியில் என் முதல் கேள்வி மிக இயல்பான ஆங்கிலமாக இருந்தது, ஏனென்றால் அது பிறந்ததே ஆங்கிலத்தில்தான். அப்படிப் படித்துச் சுழிக்கக்கூடிய முன்னாள் மாணவர்கள் ஒன்-நார்த்தில், பெருவிரைவு ரயிலில் அரைமணி நேரத் தொலைவில் வேலை செய்கிறார்கள்.

இந்தக் கட்டுரை வெளிவரும் வாரத்தில் நான் வேலைப் பயிற்சிக்கான படிவத்தை அனுப்ப வேண்டும். ஒன்று ஒரு பெரிய நிறுவனத்தின் தொடர்புப் பிரிவு. மாதப் படி கூடுதல், குளிரூட்டிய அலுவலகம், முடித்தால் வேலை கிடைக்கும் வாய்ப்பு. இன்னொன்று தமிழ் நிகழ்ச்சித் தயாரிப்பு. படி குறைவு, தண்ணீர்ப் பெட்டி உண்டு. அக்காவிடம் கேட்டேன். “வான்னும் சொல்லமாட்டேன், வேணாம்னும் சொல்லமாட்டேன். உங்க அப்பாகிட்ட நான் பேசணும்னா பேசுறேன்” என்றார். அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. அன்று இரவு வசந்தத்தில் நாடகம் முடிந்து பெயர்கள் ஓடியபோது, “இதுல அந்தப் பொண்ணு பேரு வருதா?” என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். பெயர்கள் மிக வேகமாக ஓடின. அவரால் படிக்க முடியவில்லை.

அக்கா அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை மூன்று மணி நேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வளாகத்தில் அறைக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் நிகழ்ச்சியின் வகை என்ற இடத்தில் உரை, கலந்துரையாடல், விருந்து ஆகிய மூன்றும்தான் இருந்தன. ‘மற்றவை’யைத் தேர்ந்தெடுத்தேன். இதுவரை எட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். எங்களுக்கு வீட்டுப்பாடமும் வந்துவிட்டது. வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவர் பேசியதை, ஒரு சொல்லையும் திருத்தாமல், ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். பாட்டியிடம் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். அரைப் பக்கம் வந்திருக்கிறது.